கோட்டு போய்ச் சேர்ந்ததா?

பாதிப் படத்தில் எழுந்து போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவசரம் என்றால் சரி. வயிறு சரியில்லை என்றால் சரி. ஆனால், "பாக்க வேண்டியதப் பாத்தாச்சு, கிளம்புங்க" என்று ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்ல, கூட வந்த அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனதை நான் இந்த நியூ ஜெர்சியில்தான் பார்த்தேன். போனவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு நிதானமாகத்தான் சொல்ல வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கோணல் மாணலாக எழுதுவேன். இங்கிலீஷ் கிடையாது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தையல் மிஷின் மிதித்து, ஊரார் ஜாக்கெட்டுகளைத் தைத்துத்தான் என் மகளை இன்ஜினியராக்கினேன். அவள் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கி, சிட்டிசனாகி, எனக்குக் கிரீன் கார்டும் எடுத்து, என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். நான் எழுதியதை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பவளும் அவள்தான். "இவ்ளோ கோவம் வேணாம்மா" என்று இரண்டு இடத்தில் அடித்திருந்தாள். எழுத்தைத் திருத்து, கோபத்தில் கை வைக்காதே என்று சொல்லித் திரும்ப எழுத வைத்தேன்.

இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவளின் பாடு கார் ஓட்டத் தெரியாதவளுக்குத்தான் தெரியும். வீட்டு வாசலைத் தாண்டினால் எதற்கும் ஒரு ரைடு வேண்டும். கோயிலுக்கு ரைடு, நவராத்திரிக்கு ரைடு, ரத்தப் பரிசோதனைக்கு ரைடு. ரைடு கொடுப்பவர்தான் அன்றைக்கு ராஜா. அவர் வா என்றால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும். அவர் வழியில் கொத்தமல்லி வாங்க நிறுத்தினால் நாம் எல்லோரும் இறங்கிக் கொத்தமல்லியைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ரைடு கொடுக்கும் ராஜா ஒருவர் இருந்தார். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்கிறார். மகன் வாங்கித் தந்த ஏழு பேர் உட்காரும் வண்டி இருக்கிறது. முன் சீட்டில் அவர் மனைவி. நடு வரிசையில் ஒரு டாக்டரைப் பெற்ற அப்பாவும் அம்மாவும். மூன்றாம் வரிசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான். யாரும் அங்கே போ என்று என்னிடம் சொன்னதில்லை. ஆனால் நான் ஏறுவதற்குள் மற்ற இடமெல்லாம் நிரம்பியிருக்கும். அதுவும் ஒரு வித்தைதான்.

நூலகத்தில் புதன்கிழமை மதியம் வயதானவர்களுக்குப் பழைய படம் போடுவார்கள். காசு கிடையாது. சோளப்பொரி வேறு ஆளுக்கு ஒரு காகிதப் பையில் தருவார்கள். என்ன படம் என்பதை சார் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். எனக்குப் படிக்கச் சிரமம் என்பதற்காக அல்ல, அவருக்குத் தன் குரல் பிடிக்கும். அந்த வாரம் அனுப்பியது இது:

"டியர் பிரண்ட்ஸ், இந்த வெட்னஸ்டே ஒரு ஸ்பெஷல். ரொம்பப் பழைய பிரெஞ்சுப் படம். பிளாக் அண்ட் ஒயிட். மியூசிக்கல் காமெடி. பின்னாடி உலகமே கொண்டாடின ஒரு பெரிய ஸ்டார், அந்தம்மா யாருன்னே தெரியாத காலத்துல, சின்னப் பொண்ணா இதுல ஒரு சீன்ல வராங்க. ரொம்ப ரேர். டோன்ட் மிஸ்."

மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ம்மா, அது பிரெஞ்சு. கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். நீ போய் என்ன பண்ணுவ?"

"சிரிக்கிறதுக்கும் அழுகுறதுக்கும் எழுத்து எதுக்குடி? எனக்குக் கண்ணு இருக்கு, காது இருக்கு. பாட்டு வேற இருக்குங்கிறாரு."

"சரி, ஸ்வெட்டர் எடுத்துக்கோ. ஏசி ஜாஸ்தியா இருக்கும்."

நூலகத்து அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். படம் போடுகிற அமெரிக்கக்காரி ஏறக்குறைய என் வயதுக்காரி. நரைத்த முடியைக் கழுத்தோடு கத்தரித்து, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். படத்துக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு அணைந்தது.

முதலில் திரை முழுக்க ஆவி. வெள்ளாவிப் பானையிலிருந்து எழும்புமே, அதே ஆவி. அது கலையக் கலைய ஒரு சலவைக்கடை தெரிந்தது. கடைக்காரி நல்ல கனத்த உடம்பு, நாற்பதைத் தாண்டியவள், சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேசையில் தொப் என்று வைக்கிறாள். அந்தத் தொப்தான் பாட்டுக்குத் தாளம். தொப், ஒரு இழுப்பு, தொப், ஒரு இழுப்பு. கொடியில் தொங்கும் ஈரத் துணிகளுக்கு நடுவிலிருந்து வேலைக்காரப் பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாக முளைத்து அவளோடு பாடுகின்றன. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாமல் போனதும் ஒன்றும் இல்லை. என் கால் தன்னால் மிஷின் மிதிப்பதுபோல ஆடத் தொடங்கிவிட்டது.

கதையும் நேரான கதைதான். ஒரு மாப்பிள்ளைப் பையன் ஓடி வருகிறான். அன்றைக்கு அவனுக்குக் கல்யாணம். கல்யாணக் கோட்டில் கறை. அழாத குறை. கடைக்காரி அவன் கன்னத்தைத் தட்டி, கோயில் மணி அடிக்கும் முன்னால் கோட்டு வந்து சேரும் என்று கையைக் காட்டி அனுப்புகிறாள். கறையும் போய்விட்டது. ஆனால் கடையில் வேலை செய்யும் ஒரு மக்குப் பெண் அந்தக் கோட்டை வேறு மூட்டையில் கட்டி அனுப்பிவிடுகிறாள். அது ஒரு தடித்த எக்காளக்காரன் வீட்டுக்குப் போகிறது. அவன் அதை மாட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போய் மூச்சைப் பிடித்து ஊத, முதுகுத் தையல் டர் என்று பிரிகிறது. இவள் அவனைத் துரத்திப் பிடித்து, அவன் ஊத ஊதவே கோட்டைக் கழற்றிக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்து தைக்கிறாள். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். நடிக்கிறவர்கள் ஊசி பிடிப்பதை எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன், பேனா பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். இவள் பிடித்தது தைக்கிறவள் பிடி. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாடிக்கொண்டே ஓடத் தொடங்கினாள்.

அங்கே மாதா கோயிலில் மணப்பெண் கையில் பூ வாடுகிறது. வாத்தியக்காரர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். மாப்பிள்ளை வெறும் சட்டையோடு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். இங்கே இவள் ஓடுகிறாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து முடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு ஓடியவளுக்குத்தான் அந்த ஓட்டம் என்னவென்று தெரியும். நான் ஓடியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

அப்போது ஒரு தெருமுனை வந்தது. அங்கே ஒரு பூக்காரப் பெண் நிற்கிறாள். மூச்சு வாங்க இவள் வழி கேட்கிறாள். அந்தப் பெண் கழுத்தைச் சாய்த்துச் சிரித்து ஒரு பக்கம் கையைக் காட்டுகிறாள்.

என் பக்கத்தில் விசில் பறந்தது. சார்தான். இரண்டு விரலை வாயில் வைத்து, நம்மூர்க் கொட்டகையில் கதாநாயகன் முதலில் வரும்போது அடிப்பார்களே, அந்த விசில். முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்கதான்! இவங்கதான்! பாஸ் பண்ணுங்க, பிளீஸ், பாஸ்!" என்று படம் போடுகிறவளிடம் கத்தினார். அவளும் என்ன அவசரமோ என்று பயந்து நிறுத்திவிட்டாள். எங்கள் கூட்டம் முழுவதும் எழுந்து, திரையைப் போனில் படம் பிடித்தது. டாக்டரின் அப்பா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று தன்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அழகுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பூ விற்க நிறுத்தினார்கள், நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பிற்காலத்தில் பெரிய ஆளாக வந்தாள், நன்றாக இருக்கட்டும். ஆனால் அவள் காட்டியது தப்பான வழி. சலவைக்காரி அந்தப் பக்கம் ஓடினால் கோயில் வராது என்பது அந்தப் பெண் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

படம் மறுபடி ஓடத் தொடங்கியது. இவள் தப்பு வழியில் திரும்பினாள். அப்போதுதான் சார் எழுந்து நின்று சொன்னார்.

"பாக்க வேண்டியதப் பாத்தாச்சு, கிளம்புங்க. இனிமே மொக்கை."

கிளம்பினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். சாரின் மனைவி மட்டும் வாசலில் நின்று ஒரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "வாங்கக்கா, விட்டுட்டுப் போயிடுவார்" என்றாள். விட்டுவிட்டுப் போனால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? நடக்கலாம் என்றால் பாதி வழியில் நடைபாதையே கிடையாது. எழுந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எங்கிருந்தும் எழுந்து வந்ததில்லை.

பள்ளி பஸ்ஸில் வரும் தன் பேத்தியைக் கூப்பிடப் போகிறார் என்றாலாவது மனது ஆறியிருக்கும். போனது எங்கே? இந்தியன் ஸ்டோருக்கு. சமோசா சூடாகப் போடும் நேரமாம்.

வண்டியில் எல்லோரும் போனில் பிடித்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்து கேட்டேன். "சார், அந்தக் கோட்டு போய்ச் சேந்துச்சா?"

"எந்தக் கோட்டு?"

"கல்யாணக் கோட்டு சார். அந்தச் சலவைக்காரம்மா தூக்கிட்டு ஓடுனாளே."

"ஓ, அந்த குண்டம்மாவா!" என்றார் டாக்டரின் அப்பா. வண்டியே சிரித்தது.

"குண்டா இருந்தா என்னங்க? படம் பூரா அவதான ஓடுறா? நீங்க படம் பிடிச்ச புள்ள வழியத் தப்பாக் காட்டிட்டு நின்ன எடத்துலயே நின்னுச்சு."

"அம்மா, மேட்டரே அந்தப் பொண்ணுதாம்மா" என்றார் சார், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "அதுக்காகத்தான் உலகத்துல இந்தப் படத்தையே இன்னும் வச்சிருக்காங்க. கோட்டு கெடக்குது கோட்டு."

"கெடக்க முடியாது சார். கல்யாணத்துக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

மறுபடி சிரிப்பு. சாருக்குப் பொறுமை போய்விட்டது. "கோட்டு போய்ச் சேந்துச்சு, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, எல்லாரும் டான்ஸ் ஆடினாங்க, சுபம். போதுமா? உங்களுக்குக் கீழ ஓடுற எழுத்தே படிக்கத் தெரியாது. முடிவு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சாரின் மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சமோசா வந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புளித்த ஏப்பம் வருகிறது என்றேன். அது பொய்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அந்தப் படத்த உன் டிவியில போடு. கடைசி மட்டும் போதும்."

அவள் போனில் தேடினாள், டிவியில் தேடினாள், கம்ப்யூட்டரில் தேடினாள். "எங்கயும் இல்லம்மா. லைப்ரரில இருக்கிற டிஸ்க் மட்டும்தான் போல. ஆனா அந்த ஸ்டாரப் பத்தி எக்கச்சக்கமா இருக்கு. இந்தப் படம் அவங்களோட ஃபர்ஸ்ட் படம்னு போட்டிருக்கு பாரு."

"அது கெடக்கட்டும். சலவைக்காரியா நடிச்சவ யாரு?"

தேடினாள். நேரம் போனது. "நடிச்சவங்க பேரு கொஞ்சம் இருக்கும்மா. ஆனா யாரு என்ன வேஷம்னு போடல. இதுல எது அவங்கன்னு தெரியல."

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். ஆவியில் வெந்து, பாடி, ஓடி, பிரிந்த தையலை உட்கார்ந்து தைத்து, ஒரு படத்தையே தோளில் தூக்கியவளுக்கு ஒரு வரி இல்லை. முனையில் நின்று தப்பாக வழி காட்டியவளுக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது? வாட்ஸ்அப்பில் எல்லோரும் போட்ட படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்ணின் முகம். ஓரத்தில், வெட்டுப்பட்டு, ஒரு கோட்டின் கை மட்டும்.

சாருக்கு நானே பேசி அனுப்பினேன். குழுவில் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் அனுப்பினேன். "சார், நீங்க முடிவு சொன்னீங்களே, முன்னாடியே அந்தப் படத்தப் பாத்திருக்கீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பதில் அனுப்பினார். "எங்கம்மா பாத்தேன்? எல்லாக் காமெடிப் படமும் அப்படித்தானே முடியும்!" அதற்குக் கீழே ஒவ்வொருவராக மஞ்சள் முகங்களைப் போட்டார்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள்.

பாருங்கள் அந்த நெஞ்சழுத்தத்தை. பார்க்காத முடிவைப் பார்த்ததுபோலச் சொல்லி ஒருத்தியின் வாயை அடைப்பது. நான் மட்டும் அன்றைக்குக் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால், சாகும் வரைக்கும் அந்தக் கோட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

டவுன்ஷிப்பில், அதாவது எங்கள் ஊர் முனிசிபாலிட்டியில், வயதானவர்களுக்கு என்று ஒரு வேன் உண்டு. முன்னாலேயே போன் பண்ணிச் சொன்னால் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள். அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இங்கிலீஷ் தெரியாதவள் தனியாகப் போய் மாட்டிக்கொள்வேன் என்று மகள் பயந்து, அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். நான் அவளிடம் சொன்னேன்: "அந்த வேனுக்குப் போன் போடு. இல்லைன்னா ரோட்டோரமா நடந்து போவேன். போலீஸ் உன்னக் கூப்பிடும்." போன் போட்டாள். என் வீட்டு முகவரியையும் அவள் நம்பரையும் ஒரு அட்டையில் எழுதி என் ஸ்வெட்டர் பையில் செருகினாள், பால்வாடிப் பிள்ளைக்குச் செருகுவதுபோல. செருகட்டும். போனால் போதும் எனக்கு.

நூலகத்தில் அந்த நரைமுடிக்காரி மேசைக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் பேசவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைப்பதுபோலக் கையை ஓங்கி வைத்தேன். தொப், ஒரு இழுப்பு. அப்படியே அந்தப் பாட்டை முனகினேன். இரண்டாம் இழுப்புக்கு முன்பே அவள் வாய்விட்டுச் சிரித்து, அவளும் மேசையில் தொப் என்று வைத்தாள். படிப்பவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போய் டிவியில் அந்த டிஸ்க்கைப் போட்டாள். அன்றைக்கு நாங்கள் எழுந்து போன இடத்துக்கே ஓட்டிக் காட்டினாள். பாருங்கள், அவளுக்கு அது நினைவிருந்தது. நான் கையை ஆட்டி, வேண்டாம், முதலிலிருந்து என்றேன். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆவி வந்தது, பாட்டு வந்தது, ஊசி வந்தது, பூக்காரப் பெண் வந்தாள். அவளைத் தாண்டினோம். சலவைக்காரி ஆற்றங்கரைக்குப் போய், தலையில் அடித்துக்கொண்டு, ஒரு படகுக்காரனோடு சண்டை போட்டுப் படகில் ஏறி, அங்கேயும் பாடி, நனைந்து, இறங்கி ஓடினாள். கோட்டு மட்டும் நனையவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கோயில் வாசலை மிதித்தாள்.

கல்யாணம் முடிந்திருந்தது.

எவனோ ஒருவனுடைய கோட்டை வாங்கி மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். தோளில் தொளதொளவென்று தொங்குகிறது, அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருகிறான். எல்லோரும் பூவையும் அரிசியையும் இறைக்கிறார்கள். இவள் கோட்டை நீட்டியபடி படியில் நிற்கிறாள். அவன் அவளைத் தாண்டிப் போகிறான். அவள் முகத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டு யாரென்று தெரியாததுபோலச் சிரித்துவிட்டுப் போகிறான். கூட்டமெல்லாம் போன பிறகு இவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொள்கிறாள். பிறகு அந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு, பொத்தானை மாட்டிப் பார்த்து, மாட்டவில்லை, விரித்துவிட்டபடி அந்தத் தெருவில் பாடிக்கொண்டே நடந்து போகிறாள். முதலில் பாடிய அதே பாட்டு. இப்போது தாளம் இல்லாமல்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஒரு நாதி இல்லையாடா அங்க? கல்யாண வீடாடா அது?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஒரு முகூர்த்தத்துக்கு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மண்டப வாசலிலேயே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பந்தி நடக்கிறது. சாப்பிட்டியா என்று ஒருத்தர் கேட்கவில்லை. சாம்பார் வாசத்தை மோந்துகொண்டு வீடு திரும்பினேன். அதை நான் என் மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. இந்தப் படம் எடுத்தவனுக்கு யார் சொன்னார்கள்?

நரைமுடிக்காரியும் டிவியைப் பார்த்துக் கையை ஆட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவளும் திட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். திட்டுகிற குரல் எந்தப் பாஷையிலும் தெரியும். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நான் யாருக்கும் எதுவும் பேசி அனுப்பவில்லை. சார் பார்க்காமல் சொன்னதைப் பார்த்துவிட்டு வந்து திருத்திக் கொடுக்க நான் என்ன அவருக்கு வேலைக்காரியா? மகளிடம் மட்டும் வேனில் போனதைச் சொன்னேன். அவள் எங்கேயோ சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் போனதும் சாரின் மனைவி கூப்பிட்டாள். மெதுவான குரல்.

"அக்கா, தனியாப் போய்ப் பாத்தீங்களாமே. கோட்டு போய்ச் சேந்துச்சா?"

"உங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்கே சொல்லிட்டாரே."

"அவர் சொன்னது கெடக்கட்டும்க்கா. நீங்க சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். வேன் உங்க வாசலுக்கும் வரும். வந்து பாருங்க."

அவள் குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னாள்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து தியேட்டர்ல நான் ஒரு படத்தோட முடிவையும் பாத்ததில்லக்கா. கூட்டம் வெளிய வர்றதுக்குள்ள வண்டிய எடுக்கணும்னு அவர் எழுந்துடுவார். மொதல்ல ஸ்கூட்டர், அப்புறம் கார். கேட்டா, அதான் தெரியுமே, சேந்துடுவாங்கன்னு சொல்லுவார்."

அந்த மனிதர் என்னை ஒரு மதியம் எழுப்பிக் கூட்டிப் போனதற்கே எனக்கு ரத்தம் கொதித்தது. இவளை ஒரு ஆயுசு முழுக்க எழுப்பிக் கூட்டிப் போயிருக்கிறார்.

"நாளைக்கே வாங்க" என்றேன். "நான் என் மகளை விட்டு உங்களுக்கும் சேத்துப் போன் பண்ணச் சொல்றேன்."

வந்தாள். வேனில் முன்னால் இடம் இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நூலகத்தில் நான் மேசையில் தொப் என்று வைக்கும் முன்பே நரைமுடிக்காரி டிஸ்க்கை எடுத்துவிட்டாள். மூன்று நாற்காலி போட்டாள்.

பூக்காரப் பெண் வந்த இடத்தில் இவள் போன் அதிர்ந்தது. சார்தான். எடுக்கப் போன கை பாதியில் நின்றது. திரையில் சலவைக்காரி தப்பு வழியில் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். இவள் போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து, அதன் மேல் கைப்பையை வைத்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

மாப்பிள்ளை படியிறங்கிச் சலவைக்காரியைத் தாண்டிப் போனபோது இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவிங்களா" என்றாள், சத்தமாகவே. அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் திரையில் மூன்றே எழுத்தில் ஏதோ வந்தது. நம் படங்களில் சுபம் என்று போடும் இடம். அது மறைந்து திரை கருப்பான பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெளியே வந்தால் சார் வண்டியை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு நிற்கிறார். மகனை விட்டு என் மகளிடம் கேட்டுத் தேடி வந்திருக்கிறார். முகம் கடுகடு என்று இருந்தது.

"எத்தன தடவ கால் பண்றது? ஏறுங்க, ரெண்டு பேரும்."

டவுன்ஷிப் வேன் வர நேரம் ஆகும் என்பதால்தான் ஏறினேன். ஆனால் மூன்றாம் வரிசைக்குப் போகவில்லை. நடு வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். சாரின் மனைவி முன் கதவைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து ஏறிக்கொண்டாள். அவர் முன்னால் தனியாக உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தது அவருக்கு என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? கோட்டு போய்ச் சேந்துச்சுல்ல?"

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

"பச்சை விழுந்துடுச்சு" என்றாள் அவள். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."